முதலில் மட்டி என்று கூப்பிட்டவள்

திருத்தணி
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

டெல்லியில் இருக்கும் பேத்தி மோனிகாவுக்கு உன் ஆயா கௌரியம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டவள், அதனால் அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டவில்லை. உன் அம்மா நிர்மலாவுக்குச் சுகமில்லை. வயிற்றில் கட்டி இருக்கிறது. அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, உடனே மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அது வைகாசியில். இப்போது ஆடி பிறந்து, காவடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மலைக்குப் போகிறார்கள். உன் அம்மா வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

உனக்கு இது தெரியாது. தெரியக்கூடாது என்று பக்கத்து வீட்டு ஷாகிராவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஷாகிராவை உனக்கு நினைவிருக்கும், மெக்கானிக் ஜலாலின் பெண்டாட்டி. என்னிடம் சத்தியம் வாங்கவில்லை. என்னோடு பேசினால்தானே வாங்குவதற்கு. வீட்டில் இருக்கிற ஒரே போன் அவளுடையது, அது அவள் இடுப்பிலேயே இருக்கிறது. ஷாகிரா வீட்டுப் போனில் பேசினால் அவள் செய்துகொடுத்த சத்தியம் கெடும். அதனால்தான் கடிதம். பத்து வருஷமாக நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் படி.

சித்திரையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சோறு ஆக்குகிறாள், துணி துவைக்கிறாள், என் மாத்திரையைக்கூடப் பிரித்து எடுத்து வைக்கிறாள். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டைத் தரையில் ஒரு தட்டு தட்டுவாள். அதுதான் எனக்கு அழைப்பு. நான் என்ன கேட்டாலும் அவள் பார்வை சுவருக்குப் போய்விடும். அவள் பேசுவதெல்லாம் ஷாகிராவிடம். ஷாகிரா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குச் சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடி என்று அவள் கெஞ்சியபோது உன் அம்மா சொன்னாளாம்: "பெத்தவளே பொறந்த அன்னிக்கே என்னை வாணாம்னு சொன்னவக்கா. இப்ப அவ கையைப் புடிச்சிக்கினு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது? உட்டுடு. போற வரைக்கும் போவட்டும்."

மோனிகா, அது உன் புத்தகத்தில் இருக்கும் வரி. அவள் வாயிலிருந்து வந்ததே தவிர, எழுதியது நீ.

புத்தகம் தபாலில் வந்த அன்று வீட்டில் திருவிழாதான். அட்டையில் 'மட்டி' என்று பெரிதாகப் போட்டு, கீழே உன் பெயர். உன் அம்மா அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் வைத்தாள். தலைப்பைப் பார்த்துக்கூட அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "என்னைப் பத்தித்தான் எழுதிக்கீது எம் பொண்ணு" என்று தெருவெல்லாம் சொன்னாள். பூபாலன் வாத்தியாரைக் கூப்பிட்டு வாசலில் நாற்காலி போட்டுப் படிக்கச் சொன்னாள். எனக்கு அச்சுப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை, அவளுக்கு வேகமாகப் படிக்க வராது. தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். உன் அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

வாத்தியார் நன்றாகத்தான் படித்தார். ரேடியோவில் வாசிப்பது போல இழுத்து இழுத்துப் படித்தார். நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும், அது உனக்கே தெரியும். "அம்மாவை ஊர் முழுக்க மட்டி என்றது. மந்தபுத்திக்காரி, எதுவும் ஏறாதவள். ஆனால் அந்தப் பெயரை முதலில் வைத்தது ஊர் இல்லை. பிறந்தவுடன் அழாத குழந்தையைப் பார்த்து, மட்டி, மட்டி என்று கத்தி, வேண்டாம் என்று சொன்னவள் அவளைப் பெற்றவள்தான்." இந்த இடத்தில் வாத்தியார் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார். உன் அம்மா எழுந்து காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சிலர் குடித்து முடிக்கக்கூட இல்லை.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்கு இதைச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். உன் தாத்தாவின் தங்கை, கனகம்மாசத்திரத்து தேவகி. போன வருஷம் நீ லீவுக்கு வந்தபோது பழைய கதைகளைப் போனில் பதிவு செய்யப் போகிறேன் என்று அவள் வீட்டுக்குப் போனாய். முறுக்கு கொடுத்து அனுப்பினாள். நான் இங்கே இதே வீட்டில் உனக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போது, உன் அம்மா பிறந்த அன்று கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பாவாடைச் சிறுமியிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அந்த முறுக்கில் ஒன்றை எனக்கும் கொடுத்தாய். தின்றேனே என்று இப்போது இருக்கிறது.

சரி. இனி நான் சொல்வதைக் கேள்.

நான் பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில், அது உனக்குத் தெரியும். அங்கே மட்டி என்று யாரையும் திட்ட மாட்டார்கள். மட்டி என்றால் ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் ஒரு வகைச் சிப்பி. இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவுவோம், கட்டைவிரலுக்குத் தட்டுப்படும், குனிந்து எடுத்துக் கூடையில் போடுவோம். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு வைத்தால் தின்ற மண்ணையெல்லாம் கக்கிவிடும். அப்புறம் வேகவைத்தால் வாய் திறக்கும். உள்ளே இருக்கும் சதையை மிளகு போட்டு வதக்கினால் வேறு குழம்பு வேண்டாம். ஓட்டை வெளியூர்க்காரர்கள் சுண்ணாம்புக்கு வாங்கிப் போவார்கள்.

உன் புத்தகத்தின் முன்னுரையில் பழைய பாட்டுகளில் சிப்பி வருகிறது, சங்கு வருகிறது, மழைத்துளியைக் குடித்து முத்தாக்குகிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அட்டையிலும் ஒரு ரோஜா நிறச் சங்கு. மட்டிக்கு மட்டும் 'மூடன்' என்று ஒரே வார்த்தை. மட்டி முத்து தராது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் தரும். அதற்கு யார் பாட்டு எழுதப் போகிறார்கள்? ஷாகிராவின் மகள் ஷபீனாவை அகராதி பார்க்கச் சொன்னேன். போனில் எடுத்துப் படித்தாள். மட்டி, மூடன் என்று போட்டிருக்கிறதாம். அதற்குக் கீழேயே கிளிஞ்சல் வகை என்றும் போட்டிருக்கிறதாம். நீ ஒரு வரி கீழே போயிருந்தால் உன் ஆயா அங்கே இருந்திருப்பாள்.

உன் தாத்தா பக்தவச்சலம் சுண்ணாம்புக் காளவாய்க்காரரின் லாரியில் கிளிஞ்சல் ஏற்ற எங்கள் ஊருக்கு வருவார். அப்படித்தான் என்னைப் பார்த்தார். ஓடு வாங்க வந்தவர் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று என் அப்பா கேலி செய்வார். இந்த ஊரில் எங்கள் மட்டியின் ஓட்டை எரித்துச் சுவருக்கெல்லாம் அடித்தார்கள். உள்ளே ஒரு ஜீவன் இருந்தது, அதைத் தின்பார்கள் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

உன் அம்மா வயிற்றில் இருந்தபோது எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மட்டி தின்ன வேண்டும் போல் இருக்கிறது என்று அப்பாவுக்கு எழுதினேன். அவர் ஒரு கோணி நிறைய, தண்ணீர் சொட்டச் சொட்ட, பஸ் மாறி மாறிக் கொண்டுவந்து இறக்கினார். கண்டக்டரிடம் எவ்வளவு ஏச்சு வாங்கினாரோ. என் மாமியார் கோணியை அவிழ்த்துப் பார்த்தாள். அந்தம்மாவுக்குத் தெலுங்குதான் வீட்டுப் பேச்சு. இது என்ன என்று கேட்டாள். மட்டி என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. தெலுங்கில் மட்டி என்றால் மண். "புள்ளத்தாச்சி வவுத்துக்கு மண்ணைத் துன்னக் கொணாந்துகீறான் உன் அப்பன். முருகன் மலைக்குக் கீழே இந்தக் கண்றாவிய ஆக்குவியா?" என்று கோணியைத் தெருவில் கொட்டச் சொன்னாள். உன் தாத்தாதான் கொட்டினார். என் அப்பா வாசலில் நின்று பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெறும் கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு என்னைக் கூட்டிப்போகவும் ஒருத்தரும் வரவில்லை. அந்தம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. திவசத்துக்கு நான்தான் சமைக்கிறேன். மன்னித்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அதனால் உன் அம்மா இந்த வீட்டில்தான் பிறந்தாள், நடு அறையில். அழவில்லை. வாய் லேசாகத் திறந்து கிடந்தது, கைவிரல் எல்லாம் பிரிந்து கிடந்தது. மருத்துவச்சி தலைகீழாகத் தூக்கித் தட்டிப் பார்த்தாள். காலில் தண்ணீர் தெளித்தாள். அப்புறம் என் பக்கத்தில் துணியில் கிடத்திவிட்டு, "போச்சும்மா" என்றாள். என் மாமியார் வெளியே போய், குழி வெட்ட ஆள் பார்க்கச் சொல்லி உன் தாத்தாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

எங்கள் ஊரில் கூடையில் மட்டி வாய் பிளந்து கிடந்தால் உடனே எறிந்துவிட மாட்டோம். விரலால் தொட்டுப் பார்ப்போம். தொட்டும் மூடாவிட்டால் செத்தது. மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது என்று கணக்கு. நான் என்ன யோசித்துச் செய்தேனா? கை தானாகப் போனது. அவள் உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். மூடினாள். மோனிகா, அந்தத் துளி விரல்கள் அஞ்சும் என் விரலைப் பிடித்து மூடின. நான் கத்தினேன். மட்டி, மட்டி என்றுதான் கத்தினேன். வேறு எந்த வார்த்தையும் எனக்கு வரவில்லை. பதினைந்து வயசு வரை நான் பேசிய பாஷை அது. உயிர் இருக்கிறது, எறியாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் காதில் விழுந்தது மண், மண் என்று. மண்ணில் போடு என்று நானே சொல்கிறேன் என்று நினைத்தாள். "பிள்ளனி மட்டி அண்டாவா?", பிள்ளையைப் போய் மண் என்கிறாயா என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் குழந்தை வீல் என்று அழுதுவிட்டது. ஆனால் அந்தம்மா சாகும்வரை சொன்னது ஒரே கதைதான்: பெத்தவளே மண்ணுல போடச் சொன்னா. கதவுக்குப் பின்னால் நின்ற தேவகி அதைக் கேட்டு வளர்ந்தாள். உனக்குச் சொன்னாள். தெலுங்கில் மண்ணாக இருந்ததை நீ தமிழில் மூடன் ஆக்கிப் புத்தகம் போட்டுவிட்டாய்.

நான் அவளை மட்டி என்றுதான் கூப்பிட்டேன், ஆங், இல்லையென்று சொல்லவில்லை. நிர்மலா என்பது ரேஷன் கார்டுக்கு. உன் தாத்தாவும், எங்கே என் மட்டி என்று கேட்டுக்கொண்டுதான் வேலையிலிருந்து வருவார், அவள் நைனா என்று ஓடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் ஒரு நாள் மத்தியானச் சோறு கொண்டுபோய் ஜன்னலில் நின்று, மட்டீ என்று கூப்பிட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். "அம்மாவே கரெக்டா பேரு வெச்சிக்கீறாங்க பாரு, எழுந்து நில்லு மட்டி" என்றார். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் மட்டி, தெருவுக்கு மட்டி. பிறகு பொதட்டூர்பேட்டையில் உன் அப்பன் வீட்டுத் தறிக்காரர்களுக்கும் மட்டி. எப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்ததோ. மட்டிப் பொண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லித்தானே உன்னைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாத்தியார் யார் தெரியுமா? பூபாலன் வாத்தியார்தான். உன் கதையில் அவர் நல்லவராக வருகிறார், உன் அம்மாவுக்குப் பென்சில் வாங்கிக் கொடுக்கிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவர் குரல் நெகிழ்ந்துவிட்டது. நானாக இருந்தால் காபி கொடுத்திருக்க மாட்டேன், கொடுத்தது உன் அம்மா.

ஜன்னலில் நின்ற அந்த நாளிலிருந்து நான் அவளை அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஏன் அப்படிக் கூப்பிட்டேன் என்று அவளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்கு அதையெல்லாம் உட்கார்த்தி வைத்தா சொல்வார்கள்?

இப்போது சொல்லிப் பார்த்தேன். கதவடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. சாயந்திரம் ஷாகிராவிடம், "புக்குல வந்துட்ட பின்னாடி கிழவி மாத்திச் சொல்லுது" என்றாளாம். நான் சொன்னால் அது கதை. அச்சில் வந்தால் நிஜம். அவளுக்கு நீ எழுதியதில் அவ்வளவு மரியாதை. குங்குமம் வைத்த புத்தகம் இன்னும் படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்று. அவளுக்குப் போன் போடு. ஆயா எழுதினாள் என்று சொல்லாதே. கட்டி இருப்பது எனக்குத் தெரியும் என்றும் சொல்லாதே. நானே பழவேற்காட்டில் விசாரித்தேன், அகராதியில் பார்த்தேன், நான் எழுதியது தப்பு, மட்டி என்றால் இதுதான் என்று உன் வாயால் சொல். உனக்குத் தெரிந்ததாகவே சொல். பெயரெல்லாம் நீயே வாங்கிக்கொள். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடு. எடுக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல். அப்புறம் மெதுவாக, உடம்பு எப்படியிருக்கிறது, டாக்டரிடம் போனாயா என்று கேள். நீ கேட்டால் போவாள்.

நன்றாகச் சாப்பிடு. அங்கே மழை என்று டி.வி.யில் காட்டுகிறார்கள், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது என்னோடு இருக்கும். தணிகை முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். சீக்கிரம் போன் போடு.

இப்படிக்கு
உன் ஆயா
கௌரியம்மாள்


மெட்ராஸ், பெரிய ஆஸ்பத்திரி
ஆவணி மாதம்

மோனிகாவுக்கு உன் ஆயாவின் ஆசீர்வாதம்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் ஷபீனாவின் நோட்டிலிருந்து கிழித்தது. ஷாகிரா உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது ஆஸ்பத்திரியில் சொன்னதை. அது சரியாகத்தான் இருக்கும். நான் சொல்ல வேண்டியது வேறு. அது போனில் எனக்கு வரவில்லை. என் குரலைக் கேட்டதும் நீ அழுதாய், ஷாகிராவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் செய்யாதே என்று எழுதியதைத்தான் நீ செய்தாய். என் கடிதத்தை அப்படியே போனில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாய். ஒரு வரி விடாமல் படித்தாய் என்றாள். அவள் அப்போது தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடி நின்றாள், குடம் நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. பின்னால் நின்ற பெண்கள், "இன்னாக்கா, குழாயை மூடுக்கா, காவிரியா ஓடுது?" என்று சத்தம் போட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய் மூடினேன்.

உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சித்திரைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "அந்தக் கோணி மட்டிய இன்னா பண்ணாங்கம்மா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாய் தின்றது என்றேன். எல்லாவற்றையுமா என்று கேட்டாள். இல்லை, வாய் திறந்ததை மட்டும் தின்றது, மூடிக்கொண்டு கிடந்ததை ஒன்றும் செய்ய முடியாமல் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றேன். "தாத்தா பாவம், வெறும் கோணிய எட்த்துக்கினு போயிக்கீறாரு" என்றாள். அப்புறம் எழுந்து, என் புடவை ஒன்றும் அவள் புடவை இரண்டும் எடுத்துப் பையில் வைத்தாள். "ஆபரேஷன் முடிஞ்சி வூட்டுக்கு வர்றப்ப மோனி வரட்டும், அப்பத்தான் ஆள் வேணும்" என்று அவள்தான் உன்னை அப்போது கிளம்ப வேண்டாம் என்றாள். அவள் பேச்சைக் கேட்டது உன் தப்பில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அரக்கோணம் தாண்டியதும், நல்லபடியா ஆச்சுன்னா பழவேற்காட்டுக்குக் கூட்டிக்கினு போம்மா, அத்த ஒரு வாட்டி துன்னு பாக்கணும் என்றாள். வேகவைத்தால் எத்தனை நேரத்தில் வாய் திறக்கும், உப்பு போட வேண்டுமா என்றெல்லாம் கேட்டாள். அவள் என்னிடம் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் நாங்கள் ஏதோ மீன் வியாபாரத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். என்ன விலை என்றுகூடக் கேட்டாள். உன் அம்மா சிரித்தாள்.

இங்கே திறந்து பார்த்தார்கள். எடுக்க முடியவில்லை. அப்படியே மூடிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் நல்ல மாதிரிதான். என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் பாட்டி என்றார். எதற்கு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. யாரிடமும் கேட்காதே, உன்னிடமே கேட்டுக்கொள்ளாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வரி புத்தகத்தில் அப்படியே இருக்கட்டும். எடுக்க வேண்டாம். படிக்கிறவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். படிக்க வேண்டியவளுக்கு நீ படித்துக் காட்டிவிட்டாய். பூபாலன் வாத்தியார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இவ்வளவு தூரம் வந்தார். கட்டிலடியில் நின்று, "நிர்மலா, நான் வாத்தியார் வந்துக்கீறேம்மா" என்று சொல்லி அழுதார். உன் கதையில் அந்தப் பென்சிலும் இருக்கட்டும்.

இரண்டு நாளாக அவள் கண் திறக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நர்ஸ் பெண் கன்னத்தைத் தட்டி, நிர்மலாம்மா, நிர்மலாம்மா என்று கூப்பிட்டுப் பார்க்கிறாள். ஷாகிரா கூப்பிட்டாள். அசைவில்லை. இன்று காலை டாக்டர்கள் வந்து பார்த்து, தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கை மல்லாந்து கிடந்தது, விரல் எல்லாம் பிரிந்து. அவள் காதில் அந்தப் பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூட ஜன்னலுக்குப் பிறகு இன்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு உள்ளங்கையில் விரலை வைத்தேன்.

மூடினாள், மோனிகா.

நர்ஸ் பெண்ணிடம் சொன்னேன். அது தானாக நடப்பதுதான் பாட்டி, ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள் என்றாள். சின்னப் பெண், அவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். என் விரல் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்திருக்கும், உனக்கு எழுத வேண்டும் என்றுதான் உருவிக்கொண்டு வந்தேன். உன் விரலையும் ஒரு தடவை அவள் கையில் வைக்க வேண்டும்.

வழியில் ஏதாவது சாப்பிடு, பட்டினியோடு வராதே. முருகன் உனக்கு இன்றைக்கே ரயிலிலோ விமானத்திலோ ஓர் இடம் கொடுக்கட்டும். இந்தக் கடிதம் டெல்லி வந்து சேரும்போது உன் வீட்டுக் கதவு பூட்டியிருக்க வேண்டும். இதைப் படிக்க நீ அங்கே இருக்கக் கூடாது.

இப்படிக்கு
உன் ஆயா